பின்பக்கம் இல்லாத கொட்டகை

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டி விளையாடுகிறவர்களுக்காக என் மகள் செண்பகவல்லி ஒரு விமானத்தளம் செய்கிறாள். நான் தார் கொட்டிய அதே தளம். ஓடுபாதை இருக்கிறது, விளக்கு இருக்கிறது, ஓரத்தில் நாங்கள் குடியிருந்த தகரக் கொட்டகை மட்டும் இல்லை. "நீ பொறந்த இடம்டி அது" என்றேன். "கண்டதையும் வச்சா கம்ப்யூட்டருக்குப் பாரம் கூடி விமானம் திக்கித் திக்கிப் பறக்கும்பா" என்றாள். தினம் இதே சண்டை. கடைசியில் சலித்துப்போய் வைத்துக் கொடுத்தாள். விமானத்தைத் தரையிலேயே உருட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அச்சு அசல் அதே தகரம். பின்பக்கம் சுற்றினால் கொட்டகையையே காணோம், வெறும் புல்.

"பைலட்டு கண்ணுக்கு முன்சுவர் போதும்பா. மிச்சத்த வெட்டிட்டேன்."

"உங்கம்மா சாகுறவரைக்கும் சோறாக்குனது பின்னாலதானடி? இப்ப எங்க நின்னு ஆக்குவா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். நான் விமானத்தைத் திருப்பி, கொட்டகையின் வாசலைப் பார்த்தபடி ஓடுபாதையிலேயே நிறுத்தினேன்.

"எடுப்பா, மத்த விமானமெல்லாம் எறங்க முடியாம மேல சுத்துது."

"சுத்தட்டும்" என்றேன். "அவ வெளிய வரட்டும்."