டீமுக்கு ஒரு ரிஸ்க்

"நடேசன் வேணாங்க முதலாளி. அவனை எடுத்தா பத்து பேரோட ஆடுற மாதிரிதான்," என்றார் ரகுபதி.

"அப்போ மத்த பத்து பேரை நல்லவனா பாத்து எடுங்க, கோச்சு சார்," என்றார் தாண்டவராயன்.

சுங்குவார்சத்திரத்தில் தாண்டவராயனுக்கு ஓர் அரிசி ஆலை இருந்தது. ஆலையின் பெயரில் ஒரு கால்பந்து அணியும் இருந்தது. எழுபத்து நாலாம் வருடம், காஞ்சிபுரத்தில் நடக்கும் கோப்பைப் போட்டிக்கு அணியைத் தயார் செய்வதற்காகச் சென்னை பெரம்பூரிலிருந்து ரகுபதியை அழைத்து வந்திருந்தார்.

வந்த சில நாட்களிலேயே முதலாளியின் குணம் ரகுபதிக்குப் புரிந்துவிட்டது. வானத்தில் ஒரு மேகம் தெரிந்தால் நெல்லைக் களத்தில் காயப்போட மாட்டார். ஆள் எடுப்பதிலும் அப்படித்தான். ராஜாமணி என்று ஒரு பையன், பந்தோடு ஓடினால் பிடிக்க முடியாது. மோட்டார் சைக்கிளைக் கையை எடுத்துவிட்டு ஓட்டுகிறான் என்று அவனை வேண்டாமென்றார். நல்ல கோல் கீப்பர் ஒருவன் வந்தான். பட்டாளத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறானாம். பாதியில் போய்விடுவான் என்று அவனையும் அனுப்பிவிட்டார். இன்னொருவனுக்கு எப்போதோ முழங்கால் வீங்கியிருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

அப்படிப்பட்டவர் நடேசனை மட்டும் விடுவதாக இல்லை.

நடேசன் குன்றத்தூர்க்காரன். உயரமான ஆள், தடுப்பாட்டத்தில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் ஆட்டத்தில் பந்துக்காக அவன் நீட்டிய காலில் மோதி, எதிரணிக்காரன் ஒருவனுக்குக் கால் முறிந்துவிட்டது. நடேசன்மேல் தப்பில்லை, நடுவர் விசில்கூட ஊதவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அவன் யார் முன்னாலும் காலை நீட்டியதில்லை. எதிரணிக்காரன் பந்தோடு வந்தால், பஸ் ஏற்றிவிடப் போகிறவன் மாதிரி கூடவே ஓடுவான். ஒவ்வொரு அணியாக அவனைக் கழற்றிவிட, ஆட்டத்தையே விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தான். தாண்டவராயன்தான் வீடு தேடிப் போய்க் கூட்டி வந்திருந்தார்.

இதையெல்லாம் சொன்னவன் அணித்தலைவன் கன்னியப்பன். முதலாளி ஏன் அப்படிச் செய்தார் என்று ரகுபதி கேட்டதற்கு, "அவரு இஷ்டம் சார்," என்று குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்ட ஆரம்பித்துவிட்டான்.

ரகுபதி முதலாளியிடமே கேட்டார்.

"ஒரு டீமு ஒரு ரிஸ்க்குதான் சார் தாங்கும். அத்த நடேசனுக்கு எடுத்தாச்சு. அதான் மத்ததுல எடுக்கறதில்ல."

அரையிறுதியில் நடேசன் வழியனுப்பி வைத்த இரண்டு பேர் இரண்டு கோல் போட்டார்கள். கன்னியப்பன் புண்ணியத்தில் மூன்று போட்டு ஜெயித்தார்கள். அன்று மாலையே ரகுபதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இறுதி ஆட்டத்தில் ஒன்று நடேசன் இருக்க வேண்டும், இல்லை தான் இருக்க வேண்டும்.

தாண்டவராயன் கோபப்படவில்லை.

"நீங்க போனா எனக்கு வேற கோச்சு கெடைப்பாரு சார். நான் வுட்டா அவனை வேற யாரும் எடுக்க மாட்டாங்க."

ரகுபதி ஊருக்குப் போகாமல் இருந்துவிட்டார்.

காஞ்சிபுரம் மைதானத்தில் நல்ல கூட்டம். ஆட்டம் முடியப்போகிற நேரம் வரை யாருக்கும் கோல் இல்லை. அப்போது எதிரணி ஆள் ஒருவன் எல்லோரையும் தாண்டிக்கொண்டு பந்தோடு வந்தான். எதிரே நடேசன் மட்டும். வழக்கம்போலக் கூடவே ஓடினான். திடீரென்று காலை நீட்டினான்.

பந்து சுத்தமாகப் பிரிந்து வந்தது. வந்தவன் உருண்டு விழுந்தான்.

நடேசன் பந்தை விட்டுவிட்டான். முகம் வெளுத்து, விழுந்தவனின் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். விழுந்தவன் எழுந்தான். டிராயரைத் தட்டிக்கொண்டான். அனாதையாகக் கிடந்த பந்தை எடுத்துப் போய்க் கோலுக்குள் அடித்தான்.

தாண்டவராயன் நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினார்.

"முதலாளி, கோல் வுழுந்தது நமக்கு," என்றார் ரகுபதி.

"தெரியும் சார்," என்று அவர் தொடர்ந்து தட்டினார்.

கோப்பை போய்விட்டது. மற்றவர்கள் லாரியில் ஏற, நடேசனை மட்டும் தன் காரில் ஏறச் சொன்னார் தாண்டவராயன். அவன் தயங்கினான். "ஏறு," என்று மறுபடி சொன்னார். ரகுபதியும் ஏறிக்கொண்டார். அணியை விட்டு நீக்குவதைத் தனியாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டார்.

கார் ஸ்ரீபெரும்புதூரில் முதலாளியின் வீட்டு முன்னால் நின்றது. ரகுபதி அதுவரை வந்திராத வீடு. தாண்டவராயன் இறங்கும்போதே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சபாபதி, வச்சுட்டான்டா காலை."

நடேசன் காரைவிட்டு இறங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

உள்ளேயிருந்து தாண்டவராயனின் மகன் கைத்தடி ஊன்றி, வலது காலை இழுத்து இழுத்துக் கார் வரை வந்தான். கதவைத் திறந்து, நடேசன் பக்கத்தில் குனிந்தான்.

"அப்பா கைல நான்தாண்ணே உன்னை எடுக்கச் சொன்னேன்," என்றான். "இப்ப பாத்தியா, எல்லார் காலும் ஒடையாது."