அலமாரிப் பெட்டியின் ஆயுத பூஜை

ஜெராக்ஸ் கடை அலமாரியில் ஒரு காலி அட்டைப்பெட்டி. காசு கொடுத்து வாங்கிய ஆபீஸ் மென்பொருள் வந்த பெட்டி என்பதால் அதற்குத் தலைகால் புரியாத பெருமை. கம்ப்யூட்டருக்குள் இருந்த இலவச மென்பொருளை "ஏய் ஓசி!" என்றுதான் கூப்பிடும்.

"சந்தா முடிஞ்சதும் உங்க பெட்டியில வந்த ஆளு கதவைச் சாத்திட்டாருண்ணே. இன்னிக்குக் கல்யாணப் பத்திரிகை நான்தான் அடிச்சேன்" என்றது இலவசம்.

"அடிச்சா என்ன? நாளைக்கு ஆயுத பூஜை. பெட்டியே இல்லாத உனக்குப் பொட்டு எங்கடா வைப்பாங்க?"

மறுநாள் கடைக்காரி செண்பகவல்லி மானிட்டருக்குப் பொட்டு வைத்தாள். பிறகு பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாள். பெட்டி நெற்றியை நீட்டியது. அவளோ அதில் பொரிகடலையைக் கொட்டி வாசலில் வைத்தாள். போவோர் வருவோரெல்லாம் கைநிறைய அள்ளினார்கள்.

"அண்ணே, பொரி என்ன விலை?" என்றது இலவசம்.

பெட்டி அதே பழைய பெருமையோடு சொன்னது: "ஓசிதான்டா! கூட்டத்தைப் பாத்தியா?"