ஒரு நாள் பர்கர் சாப்பிடாத நரி

ஒரே ஒரு காட்டிலே ஓர் இருவாச்சிப் பறவை இருந்ததாம். அதன் பெண்டாட்டி மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொண்டு அடைகாத்தாள். குஞ்சு வளரும்வரை வெளியே வரமாட்டாள். அதற்குள் மரத்தைச் சாய்த்துவிட்டால்? பர்கர் கடைக்கு மாடு வளர்க்கவென்று காட்டை வெட்டிப் புல்வெளி ஆக்கிக்கொண்டிருந்தார்கள்.

இருவாச்சி கடைக்குப் போகிறவர்களிடமெல்லாம், "மாட்டுக்கறி பர்கர் வேண்டாமே" என்று கெஞ்சியது. நரி மட்டும் சரியென்று தலையாட்டியது.

மறுநாள் காலையிலேயே நரி மரத்தடிக்கு வந்துவிட்டது. "நேத்து பூரா வாயைக் கட்டிக்கிட்டுக் கிடந்தேன். எங்கேய்யா, ஒரு புது மரத்தையும் காணோம்?"

"இந்த மரம் நிக்குதே, நரியண்ணே."

"இது நேத்தும்தானே நின்னுச்சு!"

"இன்னைக்கும் நிக்குதுல்ல?"

நரி கடைப்பக்கம் மூக்கைத் திருப்பியது.

அப்போது பொந்துக்குள்ளிருந்து, "யாருங்க வெளியே?" என்று குரல் வந்தது.

"நம்ம மரத்தைக் காப்பாத்தினவர் வந்திருக்கார்," என்றது இருவாச்சி, கொஞ்சம் சத்தமாகவே.

"அப்படியா! குஞ்சுக்கு அவர் பேரையே வச்சிடலாம்."

"அதெல்லாம் எதுக்கும்மா," என்று நரி தொண்டையைச் செருமிக்கொண்டது. பிறகு வாலை நிமிர்த்திக்கொண்டு, கடையைத் தொடாத சுற்றுவழியில் மெல்ல நடந்து போனது.