இன்னும் ஒரு தடவை

கதவு ஒரு சாண் திறந்தது. சங்கிலியைக் கழற்றாமலே அக்கா எட்டிப் பார்த்தாள்.

வெளியே தம்பி. இரண்டு பெட்டிகளும் வாய் நிறையச் சிரிப்புமாக நின்றிருந்தான். வெளிநாட்டிலிருந்து, யாரிடமும் மூச்சு விடாமல், விமானம் ஏறி வந்திருக்கிறான்.

அக்காவின் முகம் வெளுத்துப் போயிற்று. "சொல்லாம கொள்ளாம இப்படி வந்து நிக்கிறியே."

"சொல்லிட்டு வந்தா அதுக்குப் பேரு சர்ப்ரைஸா? முதல்ல கதவைத் திற."

"கொஞ்சம் இரு" என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

முதலில் அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. வீடு அலங்கோலமாகக் கிடக்கும், ஒதுங்க வைக்கிறாள் என்று நினைத்தான். பெட்டி மேலேயே உட்கார்ந்தான். ஆள் அசைந்தால் மட்டும் எரிகிற மாடிப்படி விளக்கு அணைந்தது. கையை ஆட்டினான், எரிந்தது. மறுபடி அணைந்தது, மறுபடி ஆட்டினான். கதவு மட்டும் அசைவதாக இல்லை.

அவனுக்கு ரொம்ப நாளாகவே ஒரு சந்தேகம். அம்மாவோடு பேசவேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கூப்பிடவேண்டும் என்பது அக்கா போட்ட சட்டம். வேறு நாளில் கூப்பிட்டால் அம்மா குளிக்கிறாள், இல்லாவிட்டால் தூங்குகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அம்மா தலைவாரி, பளிச்சென்று உட்கார்ந்திருப்பாள். "வாண்டு, சாப்பிட்டியா? காதுல பஞ்சு வெச்சுக்கோ, குளிர்காத்து உனக்கு ஆகாது" என்பாள். வழுக்கையும் தொப்பையுமான ஆளை வாண்டு என்று கூப்பிட இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அம்மா ஒருத்திதான். அந்த ஒரு வார்த்தையிலேயே அவனுக்கு அந்த வாரம் ஓடிவிடும். அக்காவையும் அப்படித்தான். வெளியில் எல்லோருக்கும் அவள் டீச்சர், அம்மாவுக்கு மட்டும் 'பெரிசு'.

ஆனால் பேச்சு அதற்கு மேல் நீளாது. அம்மாவின் கண் அடிக்கடி ஃபோனுக்குப் பக்கத்தில் போகும். அங்கே அக்கா நின்று மிரட்டுகிறாளோ என்று அவன் மனசு அரித்துக்கொண்டே இருந்தது. அதைக் கண்ணால் பார்த்துவிடத்தான் இந்த சர்ப்ரைஸே.

உள்ளே அக்காவின் குரல் கேட்டது. வகுப்பில் பேசுகிற அதே குரல்.

"எங்கே, சொல்லுங்க பார்க்கலாம்."

ஏதோ முணுமுணுப்பு.

"அதுக்கப்புறம்? ம்... இன்னும் ஒரு தடவை."

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. பஸ் டிரைவர் ஒருவர் பாதி மாட்டிய சட்டையோடு வந்து, என்ன ஏது என்று விசாரித்தார். தம்பி என்று தெரிந்ததும் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். பரிதாபப்பட்ட மாதிரியும் இருந்தது, வம்பு கேட்கிற மாதிரியும் இருந்தது.

"டீச்சர் யாரையுமே உள்ள விடமாட்டாங்க சார். ஸ்கூல் வேலையைக்கூட விட்டுட்டாங்க, தெரியுமில்ல? இப்ப எல்லாம் வீட்டுலதான். இந்தப் பாடச் சத்தம் தினமும் கேக்கும்."

அவனுக்குத் தெரியாது. வேலையை விட்டதை அவள் சொல்லவே இல்லை. ஆக, டியூஷன். இத்தனை வருஷம் கழித்துத் தம்பி வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறான், அவளுக்குப் பாடத்தை முடித்துவிட்டுத்தான் கதவைத் திறக்க முடியும்.

கடைசியில் சங்கிலி கழன்றது.

"வா" என்றாள் அக்கா. நெற்றியெல்லாம் வியர்வை.

"பாடம் முடிஞ்சுதா? எங்கே உன் பிள்ளைங்க?"

"ஃபோன்ல ஒரு கிளாஸ்" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மாவை ரொம்பக் கேள்வி கேக்காதே. சோர்ந்துடுவா" என்றாள்.

அவன் பெட்டிகளை நடையிலேயே போட்டுவிட்டு உள்ளே போனான்.

ஜன்னலோரம் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவசரமாக வாரிய தலை, துவைத்த புடவை. அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்தது.

"வாண்டு, வந்துட்டியா? சாப்பிட்டியா? காதுல பஞ்சு வெச்சுக்கோ, குளிர்காத்து உனக்கு ஆகாது."

அவ்வளவுதான், அவன் உடைந்துபோனான். அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். படிக்கட்டில் அடக்கி வைத்திருந்தது எல்லாம் கண்ணில் வந்தது.

"அக்கா உன்னை நல்லாப் பார்த்துக்கறாளாம்மா?"

அம்மா அவன் தலைக்கு மேலாக அக்காவைப் பார்த்தாள்.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவளை ஏம்மா பார்க்கறே? வீடியோவிலயும் இப்படித்தான். இவ அனுமதி கொடுத்தாத்தான் நீ வாயைத் திறக்கணுமா?"

அக்கா வாசற்படியில் அசையாமல் நின்றாள்.

"நான் இருக்கேன்மா, பயப்படாம சொல்லு. இப்பவே உன்னை என்னோட கூட்டிட்டுப் போயிடறேன்."

அம்மா அவன் பிடியிலிருந்து ஒரு கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். வகுப்பில் பிள்ளைகள் தூக்குவது போல அதை உயரத் தூக்கினாள். பாராட்டுக்குக் காத்திருக்கும் சிரிப்போடு அக்காவைக் கேட்டாள்:

"டீச்சர், நான் எல்லாம் சரியாச் சொல்லிட்டேனா?"