லென்ஸில் தூசி

தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்தினாள்.

"கண்ணைச் சிமிட்டாதீங்க மேடம்," என்றாள் உதவியாளர் ஜோவிட்டா.

கண்ணுக்குள் ஒளியை அனுப்பி, விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் கருவி. இதுவரை அடுக்குகள் கலங்கலாகத்தான் தெரிந்தன. அதைத் தெளிவாக்கத்தான் அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சிப் பாடு. இன்று புது லென்ஸ் மாட்டியிருந்தார்கள்.

எதை மாற்றினாலும் சோதனைக்கு அவள் கண் மட்டும்தான். நோயாளிகளைப் படமெடுக்க அனுமதி இன்னும் வரவில்லை. அவள் படங்கள் சேரும் கோப்புக்கு 'நல்ல கண்' என்று பெயர்.

எழுந்து வந்து திரையைப் பார்த்தாள்.

அடேயப்பா! ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியாக நின்றது. ஜோவிட்டா கைதட்டினாள்.

ஓரத்தில் அந்தப் புள்ளி.

சனியன், இன்னும் போகவில்லை. முதல் நாளிலிருந்து ஒட்டிக்கொண்டிருக்கும் தூசி. எத்தனை முறை லென்ஸைத் துடைத்திருப்பாள்! அலுத்துப்போய், அந்த இடத்தை மட்டும் அழித்துவிடும்படி ப்ரோகிராமில் ஒரு வரி எழுதி வைத்திருந்தாள். புது லென்ஸ்தானே என்று இன்று காலைதான் அதை நீக்கினாள்.

புது லென்ஸ். உறையைப் பிரித்ததே இன்றுதான்.

பெரிதாக்கினாள்.

கலங்கலாக இருந்த புள்ளிக்கு இப்போது விளிம்பு இருந்தது. விழித்திரைக்கு அடியில், மேடு தட்டி.

லென்ஸில் இருக்கும் தூசி எந்த அடுக்கையும் தூக்காது. இது தூக்கியிருந்தது.

இந்தக் கட்டியின் பெயர் அவளுக்குத் தெரியும். ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் ஆளைக் காப்பாற்றலாம் என்று மேடைக்கு மேடை பேசியவளே அவள்தான்.

"நீ உட்காரு ஜோவி. உன் கண்ணை எடுப்போம்."

ஜோவிட்டா உட்கார்ந்து தாடையை வைத்தாள். அங்கிருந்து திரை தெரியாது.

கடவுளே, இவள் கண்ணிலும் அந்தப் புள்ளி வரட்டும். தூசியாகவே இருக்கட்டும்.

பொத்தானை அழுத்தினாள்.

அடுக்குகள் வந்தன. ஓரம் சுத்தமாக இருந்தது.

இன்னொரு முறை எடுத்தாள். அப்போதும் சுத்தம்.

மூன்று வருடம். அவள் கையாலேயே துடைத்தாள். அவள் கையாலேயே அழித்தாள்.

ஜோவிட்டா தலையை அசைக்காமல் கேட்டாள்.

"தூசி போயிடுச்சா மேடம்?"

லென்ஸ் துடைக்கும் துணியை நான்காக மடித்து மேசைமேல் வைத்தாள்.

"போயிடுச்சும்மா."