இலை வாட்டும் மாடி

மோட்டார் சத்தம் நின்றதும் தாரிணி திரும்பிப் பார்த்தாள்.

மாடி முழுக்க ஆளுயரத்தைத் தாண்டிய வெள்ளைக் குழாய்த் தூண்கள். ஒவ்வொன்றிலும் அடியிலிருந்து நுனிவரை லெட்டூஸ் கீரைச் செடிகள். மண் கிடையாது. உச்சியிலிருந்து உள்ளுக்குள்ளேயே சொட்டி இறங்கும் சத்துத் தண்ணீர்தான் அவற்றுக்கு எல்லாம்.

அது நின்றுவிட்டது.

கூரையின் கண்ணாடித் தகடு வழியாகச் சித்திரை வெயில் நேரே இறங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் போனதைச் சொல்லக் கூப்பிட்டால், மின்வாரிய அலுவலகத்தில் போனை யாரும் எடுக்கவில்லை. மறுநாள் காலை ஊட்டி ஓட்டலுக்கு முதல் அறுவடை போக வேண்டும்.

"நபீசாக்கா, பக்கெட்டை எடுங்க!"

கூட வேலை செய்யும் நபீசாவும் அவளும் பெஞ்சு மேல் ஏறி, ஒவ்வொரு தூணின் உச்சியிலும் குவளையால் ஊற்றினார்கள். ஒரு வரிசையை முடிப்பதற்குள் முந்தைய வரிசையில் இலைகள் தொங்கின.

அப்போதுதான் பரமசிவன் படியேறி வந்தார்.

ஊட்டிப் பக்கத்துப் பிக்கட்டியில் இந்தக் கட்டடம் டீ ஃபேக்டரியாக இருந்த காலத்தில், இதே மாடியில் பச்சைத் தேயிலையைப் பரப்பி வாட்டியவர். இலை விலை விழுந்து ஃபேக்டரியை மூடிய பிறகும், என்றைக்காவது திறப்பார்கள் என்று கேட்டுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். தாரிணி கோயமுத்தூரிலிருந்து வந்து கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்த அன்று, வண்டியை மறித்து நின்றவரும் அவர்தான். அதன் பிறகு அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

இன்றைக்கு என்ன வம்போ என்று அவள் குவளையோடு பெஞ்சிலிருந்து இறங்கினாள்.

பரமசிவன் தூணருகே போனார். துவண்டு கிடந்த ஓர் இலையை விரலால் தூக்கிப் பார்த்தார். விட்டதும் அது மறுபடி சரிந்தது.

ஸ்வெட்டரைக் கழற்றி ஜன்னல் கட்டையில் போட்டார். அவள் கையிலிருந்த குவளையை வாங்கிக்கொண்டார்.

அவருக்குப் பெஞ்சு தேவைப்படவில்லை. கைக்கெட்டிய தூணையெல்லாம் நனைத்துக்கொண்டே போனார். தாரிணி வேறொரு குவளையை எடுத்துக்கொண்டாள். தோள் கழன்றுவிடும்போல வலித்தது. மூவரும் நிறுத்தவில்லை. நடுவில் அவர் ஏதோ ஒரு செடியிடம் முணுமுணுப்பதுகூட அவள் காதில் விழுந்தது.

வெயில் சாய்ந்தபோது இலைகள் மெல்ல நிமிர்ந்திருந்தன. நபீசா எல்லாருக்கும் டீ போடக் கீழே போனாள்.

தாரிணி அவருக்கு நன்றி சொல்ல வாயெடுத்தாள்.

பரமசிவன் பேண்ட் பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்து அவளிடம் நீட்டினார்.

வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை. கீழே மெயின் பெட்டியில் இருக்க வேண்டியது.

"மிஷினு மட்டும்தான் நிக்கும்னு நெனச்சேன் அம்மணி. செடி இப்பிடித் துவளும்னு தெரியலீங்க."

மதியம் முழுக்க அவள் மனதுக்குள் மின்வாரியத்தைத் திட்டித் தீர்த்திருந்தாள். இப்போது அவர் நீட்டிய கையைப் பார்த்தாள். அது இன்னும் ஈரமாக இருந்தது.

ஃபியூஸ் கட்டையை அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"நீங்களே போய் மாட்டிட்டு வாங்கண்ணா."

அவர் இறங்கிப் போனார். சற்று நேரத்தில் மோட்டார் உறுமியது. தூண்களுக்குள் தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

அப்படியே கேட்டைத் தாண்டி அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

படியேறி வந்தார்.