சலுகைக் காற்று

கோவில்பட்டியில் செண்பகவல்லியின் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது நோயாளிச் சலுகை மின்சாரம் மட்டும்தான். அது அவள் கணவர் சங்கரபாண்டியின் பின்னாலேயே போகும். நுரையீரல் கெட்டுப்போன மனிதர் எந்த அறையில் இருக்கிறாரோ அந்த அறையில்தான் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும். அவர் வாசலைத் தாண்டினால் வீடே அணைந்துவிடும். வெயிலுக்குப் பயந்து அவள் காய் நறுக்குவதுகூட அவர் கட்டிலடியில்தான்.

அன்று, உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்த மகள் வந்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். ஆட்டோ தெருமுனை திரும்பியும் ஃபேன் நிற்கவில்லை. செண்பகவல்லிக்கு ஒன்றும் புரியவில்லை. அடுப்படிக்குப் போனாள், அங்கே விளக்கு எரிந்தது, கூடத்து ஃபேன் நின்றது. கூடத்துக்குத் திரும்பினாள், ஃபேன் மறுபடி சுற்றியது. திருட்டுக் கரண்ட் என்று சலுகையைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பதறி, மின்சார ஆபீசுக்குப் போன் போட்டாள்.

“தம்பி, மீட்டர் கெட்டுப்போச்சு. நோயாளி வெளிய போயிட்டாரு, கரண்ட் நிக்க மாட்டேங்குது.”

“மீட்டர் நல்லாத்தாம்மா இருக்கு. காலையில இருந்து ஒங்க வீட்டுல சலுகை ரெண்டு பேருக்கு.”

“ரெண்டாவது யாருப்பா? வேற ஆளே கிடையாதே!”

ஆபீஸ்காரன் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னான். “செண்பகவல்லினு காட்டுதும்மா. என்ன சீக்குன்னு எங்களுக்குத் தெரியாது.”

காலையில்தான் இரண்டு குடம் தண்ணீர் தூக்கியிருந்தாள். கைகால்களைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். போன் அடித்தது, சங்கரபாண்டி.

“நான் இல்லாம வெந்துக்கிட்டு இருப்பியே செண்பகம். வெளிய மரத்தடியில போய் உக்காரு.”

அவள் ஃபேனை நிமிர்ந்து பார்த்தாள்.

“காத்து நல்லா வருதுங்க,” என்றாள்.